ஆமை ஓடும் பெருச்சாளிப் பல்லும்

(மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவன் எழுதியது)

“ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது” என்பது நம் பக்கத்தில் இன்றும் வழங்கும் பழமொழி. இங்கே ஆமை என்றது பொறாமை, இயலாமை, கல்லாமை ஆகிய ‘ஆமை’களையே என்று பட்டிமன்றப் பேச்சாளர்கள் விளக்கம் சொல்வதுண்டு. விளக்கம் சுவையானதுதான். ஆனால் மழைக்காலத்தில் கால்வாயிலிருந்து ஏறி வாசலுக்கு வந்துவிட்ட ஆமையைக் கோணிப்பையில் போட்டு ஆற்றில் கொண்டு விட்டு வரும் நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லாராய்ச்சி செய்துகொண்டு நிற்பதில்லை. மறுபுறம் வள்ளுவரோ ஐம்பொறிகளையும் அடக்கியாளும் திறத்துக்கு இதே ஆமையை உவமையாக்கிப் பெருமைப்படுத்தினார். தலை ஒன்றும் கால்கள் நான்குமாகிய ஐந்தையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டால் ஆமைக்குத் தீங்கில்லை என்ற எண்ணமே அவ்வுவமைக்கு அடிப்படை. விலங்கியல் படிப்பவன் என்ற முறையில் எனக்கு எழுந்த ஐயம் ஒன்றே: இழுத்துக்கொண்டால் உண்மையிலேயே தீங்கில்லையா?

இவ்வையம் ஏட்டைப் புரட்டியதால் எழுந்ததன்று. எங்கள் ஊர் விக்கிரமசிங்கபுரம். பொதிகை மலையின் அடிவாரத்தில், பாபநாசத்துக்கு அடுத்து, தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. ஹார்வி சகோதரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவிய நூற்பாலையைச் சுற்றி வளர்ந்த ஊர் என்றால் பலருக்கும் விளங்கும். எங்கள் தெருவில் நான் அத்தை என்று அழைக்கும் ஓர் அம்மையார் வீட்டில் இரண்டு ஆமைக்குஞ்சுகளை வளர்க்கிறார்கள். சென்னையில் வேலை பார்க்கும் அவர் மகன் வாங்கி வந்தவை. ‘சல்கேட்டா’ என்று கடைக்காரர்கள் சொல்லும் ஆப்பிரிக்கத் தரை ஆமை இனம். சகாரா பாலைவனத்தின் தென்விளிம்பு அதன் தாயகம். இன்று உள்ளங்கையில் அடங்கும் அக்குஞ்சு முழு வளர்ச்சியில் ஐம்பது கிலோவைத் தாண்டக்கூடும் என்பதை வாங்கும்போது எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறார்களோ தெரியாது! அது வேறு கதை.

சென்ற ஆண்டு ஐப்பசியில் ஒருநாள் காலை அத்தை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். “ஏய்யா, நீதானே பூச்சி, புழு, பாம்பு பல்லி எல்லாம் படிக்கே. இதக் கொஞ்சம் பாரு” என்று ஒரு குஞ்சை என் கையில் கொடுத்தார். வலது முன்காலில் செதில்கள் பிய்ந்து இரத்தம் உறைந்திருந்தது. ஓட்டின் பின்விளிம்பில், சிறிய உளியால் இழைத்தாற்போல், இரண்டிரண்டாகக் கோடுகள் ஓடின. குஞ்சுகள் இருந்தது மூன்று வரிசைச் செங்கல் அடுக்கி, மேலே கோழிவலை போர்த்திய பட்டி. வலை கிழியவில்லை. மூடியும் மூடியபடியே இருந்தது.

இவ்விடத்தில் சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆமை வளர்ப்பு என்றதும் நம் மாவட்டத்தின் தேரிக்காட்டிலும் கரிசல் புதர்க்காட்டிலும் கிடைக்கும் நட்சத்திர ஆமையையோ, குளத்தில் அகப்படும் பால் ஆமையையோ கொண்டுவந்து தொட்டியில் விடலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவற்றை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 2022இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின் இவ்விரண்டும் முதல் அட்டவணையில் உள்ளன. தண்டனை மூன்றாண்டு முதல் ஏழாண்டு வரை சிறையும், இருபத்தையாயிரம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும். நட்சத்திர ஆமையைப் பன்னாட்டு வணிக ஒப்பந்தமும் 2019இல் முதல் பட்டியலுக்கு ஏற்றிவிட்டது. சல்கேட்டா போன்ற அயல்நாட்டு இனங்களை வளர்ப்போர் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அரசின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அத்தை வீட்டில் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்த பிறகே நான் இவ்வேலையில் இறங்கினேன்.

தடம் பார்த்தல்

கடித்தது யார் என்று தெரியாமல் காவல் போட முடியாது. தெருவில் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். ஒருவர் கீரி என்றார். ஒருவர் பூனை என்றார். 2024 மே மாதத்தில் பக்கத்து வேம்பையாபுரத்தில் வனத்துறையினர் கூண்டு வைத்துச் சிறுத்தை பிடித்த செய்தி எல்லோர் நினைவிலும் இருந்ததால், ஒருவர் சிறுத்தை வரைக்கும் போய்விட்டார். சிறுத்தை வந்திருந்தால் அரைச் செங்கல் உயரத்தில் நின்று ஓட்டின் ஓரத்தைக் கொறித்துக்கொண்டிருக்குமா?

கடிவாயே பாதி விடை தந்துவிட்டது. கீரி, பூனை, நாய், மரநாய் ஆகியவை ஊனுண்ணிகள். அவற்றுக்குக் கோரைப்பல் உண்டு. கடித்தால் குத்துக்காயம் விழும். மேலிரண்டு, கீழிரண்டு என்று துளைகள் தெரியும். கொறிணிகளுக்குக் கோரைப்பல் இல்லை. மேலும் கீழும் இரண்டிரண்டு வெட்டுப்பற்கள், ஓயாமல் வளர்பவை. வளர்ச்சியைத் தேய்க்க எதையாவது கொறித்துக்கொண்டே இருக்க வேண்டும். இணைகோடுகளாக விழும் இழைப்பு அவற்றின் கையெழுத்து.

எஞ்சிய பாதி விடைக்குத் தடம் பார்த்தேன். முதலில் கோதுமை மாவு தூவலாம் என்று நினைத்தோம். அது எலிக்கு விருந்து வைப்பதாகிவிடும் என்பதால், வெந்நீர் அடுப்புச் சாம்பலைச் சலித்துப் பட்டியைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குப் பரப்பினோம். ஏழு நாள் காலையும் மாலையும் பார்த்துக் குறித்துக்கொண்டு, மறுபடி நிரவி விடுவேன். நாய்க்கும் பூனைக்கும் பதிவது நான்கு விரல். நாய்த் தடத்தில் நகம் தெரியும், பூனைத் தடத்தில் தெரியாது. கீரிக்கும் மரநாய்க்கும் ஐந்து விரல். கீரியின் முன்கால் நகம் நீண்டு பதியும். எலிக்குலத்துக்கு முன்காலில் நான்கும் பின்காலில் ஐந்தும் விழும். உடும்பானால் நடுவே வாலிழுத்த கோடு இருக்கும். இவ்வளவையும் தெரிந்துகொண்டால் சாம்பல் ஒரு செய்தித்தாள் போலத்தான்.

என்னை வியக்க வைத்தது வந்தவற்றின் எண்ணிக்கையன்று, அவை வந்த நேரம். விடிந்ததும் காக்கைகள். முற்பகல் பத்து மணி வாக்கில் கீரி. இரண்டு நாள் நானே கண்ணால் பார்த்தேன், மதில் ஓரமாகவே ஓடி வந்து பட்டியைச் சுற்றி முகர்ந்துவிட்டுப் போயிற்று. ஒருநாள் நண்பகலில் உடும்பின் வால்கோடு. இருட்டியபின் பூனை. பின்னிரவில், கீழே விழுந்த கொய்யாப் பழத்துக்காக மரநாய். இவற்றுக்கு இடையே, ஏழு இரவிலும் தவறாமல், பெருச்சாளி. அதன் தடம் சாக்கடைப் பக்கத்து மதிலின் அடியில் தொடங்கி நேரே பட்டிக்கு வந்தது. செங்கல் வரிசையின் கீழே, உலர்ந்த பூசணித் தோல்களால் மறைந்த இடத்தில், மூன்று விரல் நுழையும் அளவுக்கு ஒரு வளை. மேலே வலை போட்டவர்கள் கீழே ஒன்றும் போடவில்லை.

ஆகவே குஞ்சு காக்கப்பட வேண்டியது இரவில் மட்டுமன்று. “ராத்திரி மூடிட்டா போதும்” என்று நம்மவர் சொல்வது பெருச்சாளிக்கும் மரநாய்க்கும் பொருந்தும். கீரியும் காக்கையும் உடும்பும் பகலில் உலவுபவை. ஆமை வெயில் காய வெளியே வரும் நேரமும் அதுவே.

ஓடு என்பது என்ன?

ஆமையின் ஓடு நத்தையின் கூட்டைப் போல் உடலோடு தொங்கும் வீடன்று. விலா எலும்புகளும் முதுகெலும்பும் விரிந்து ஒன்றோடொன்று இணைந்து உண்டான எலும்புப் பேழை அது. அதன்மேல் நம் நகத்தில் உள்ள கெரட்டின் போன்ற பொருளால் ஆன தகடுகள் பதிந்துள்ளன. அடியில் நரம்பும் இரத்த ஓட்டமும் உண்டு. ஓட்டைச் சுரண்டினால் ஆமை உணரும். ஆழமாகக் கொறித்தால் வலிக்கும், இரத்தமும் வரும். குஞ்சுப் பருவத்தில் இவ்வெலும்புகள் முழுதும் இறுகியிருப்பதில்லை. விரலால் மெல்ல அழுத்தினால் நெகிழும். வளர்ந்த ஆமைக்குக் கோட்டையாகும் ஓடு, குஞ்சுக்கு ஓலைப்பெட்டி அளவுக்குத்தான். காக்கையின் அலகே அதைத் துளைத்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. ஆமை குளிர்இரத்தப் பிராணி. சூழலின் வெப்பமே அதன் உடல் வெப்பம். இரவில் உடல் குளிர்ந்து அசைவு குறைந்து உறங்கும்போது கொறிணி வந்து காலைக் கடித்தால், அதனால் ஓடவும் முடியாது, உடனே திரும்பிக் கடிக்கவும் முடியாது. காலை இழுத்துக்கொள்ளும். ஆனால் எல்லா ஆமையும் முழுதாக மூடிக்கொள்வதில்லை. தரை ஆமை முன்கால்களை மடக்கிக் கதவுபோல் முகத்துக்கு முன்னே வைத்துக்கொள்ளும். அக்கதவின் வெளிப்புறம் திறந்தேதான் இருக்கிறது. பெருச்சாளி கடித்தது அந்தக் கதவைத்தான். ஐரோப்பாவில் குளிர்கால உறக்கத்தில் கிடக்கும் வளர்ப்பு ஆமைகளை எலிகள் இவ்வாறே கொறித்துவிடுவதால், அங்கே எலி புகாத பெட்டியில்தான் அவற்றை உறங்க வைக்கிறார்கள். வள்ளுவரின் உவமையில் குற்றமில்லை. அவர் சொன்னது அடக்கத்தைப் பற்றி, பெருச்சாளியைப் பற்றியன்று.

ஒரு தீவின் கதை

சின்ன எலி ஓர் இனத்தையே ஆட்டிப்படைக்க முடியுமா என்று கேட்போருக்குக் காலபகோஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள பின்சோன் தீவைக் காட்டலாம். அங்குள்ள பேராமைகள் கப்பலோட்டிகளின் கறிச்சட்டிக்குப் போனது போக எஞ்சியவை. அக்கப்பல்களில் வந்திறங்கிய கருப்பு எலிகள், முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகளைத் தின்னத் தொடங்கின. வளர்ந்த ஆமைகளை எலியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவை நூறாண்டு வாழும் பிராணிகள் அல்லவா? வாழ்ந்தன, இணைந்தன, முட்டையிட்டன. ஆனால் ஒரு குஞ்சும் தப்பவில்லை. பார்ப்பவருக்குத் தீவில் ஆமைகள் நடமாடிக்கொண்டிருந்தன. உண்மையில் அது கிழங்கள் மட்டுமே வாழும் ஊராக இருந்தது.

1965இல் அறிஞர்கள் அத்தீவின் முட்டைகளைத் தோண்டியெடுத்துச் சாந்தா குரூஸ் தீவிலுள்ள சார்லஸ் டார்வின் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே பொரித்த குஞ்சுகளை எலி புகாத திறந்தவெளிப் பட்டிகளில் நான்கைந்து ஆண்டுகள் வளர்த்தார்கள். எலியின் பல்லுக்கு அஞ்ச வேண்டாத அளவு ஓடு பெருத்து இறுகியதும் மீண்டும் பின்சோனில் விட்டார்கள். இப்படி ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிற்று. 2012இல் ஹெலிகாப்டர் மூலம் நஞ்சு தூவித் தீவின் எலிகளை ஒழித்தார்கள். 2014ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே தாமாகப் பொரித்து நடமாடிய குஞ்சுகள் கண்டெடுக்கப்பட்டன. நூற்றாண்டுக்கு மேல் யாரும் காணாத காட்சி அது.

இதில் நம் கருத்துக்கு உரியவை இரண்டு. முதலாவது, அவ்வரை நூற்றாண்டும் அந்த இனத்தைத் தாங்கிநின்றது மருந்தோ மந்திரமோ அன்று. செங்கல், கல், கம்பிவலை ஆகியவற்றால் ஆன சாதாரணப் பட்டி. இரண்டாவது, நஞ்சைப் பற்றியது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

நம் நாட்டிலேயும் இதற்கு ஒப்பான வேலை நடந்துவருகிறது. சென்னைக் கடற்கரையில் முட்டையிடும் பங்குனி ஆமைகளின் கூடுகளை நாயும் நரியும் மனிதரும் தோண்டிவிடுவதால், 1970களிலேயே இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைச் சேகரித்து வேலியிட்ட பொரிப்பகங்களில் புதைக்கும் வழக்கம் தொடங்கியது. 1988 முதல் மாணவர்களே ஒரு வலையமைப்பாகச் சேர்ந்து இப்பணியைச் செய்து வருகிறார்கள். நம்மைப் போன்ற கல்லூரி மாணவர்கள் என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். முட்டை பொரிக்க ஒன்றரை மாதத்துக்கு மேலாகும். பொரித்த குஞ்சுகளை விடியுமுன் கடலில் விட்டுவிட வேண்டும். விடிந்தால் காக்கை வந்துவிடும். மாமல்லபுரம் அருகே 1976இல் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணையிலும் அருகிவரும் ஆற்றாமை இனங்களை வளர்த்து வருகிறார்கள். அங்கேதான் 2021 நவம்பரில் அல்டாப்ரா பேராமை ஒன்று களவு போயிற்று. கீரிக்கும் பெருச்சாளிக்கும் அசையாத அவ்வளவு பெரிய விலங்கை இரவோடு இரவாகத் தூக்கிச் சென்றது இரண்டு கால் பிராணிதான்.

பட்டியைக் கட்டிய விதம்

அத்தை வீட்டு ஆமைகளை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டால் தொல்லையில்லையே என்று சிலர் கேட்டார்கள். தொல்லை உண்டு. ஆமையின் எலும்புக்கும் ஓட்டுக்கும் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அச்சத்தை உடல் ஏற்க உயிர்ச்சத்து ‘டி’ வேண்டும். அதை உண்டாக்க வெயிலின் புற ஊதாக் கதிர் நேரே படவேண்டும். சன்னல் கண்ணாடி அக்கதிரின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். வீட்டுக்குள் வளர்ந்த குஞ்சின் ஓடு மென்மையாகி மேடு பள்ளமாகக் கோணிப்போவது இதனால்தான். கம்பிவலையோ கதிரைத் தடுப்பதில்லை. எனவே வெளியேதான் இருக்க வேண்டும், ஆனால் காவலோடு.

பழைய பட்டியைப் பிரித்துவிட்டு ஆறடி நீளம், நான்கடி அகலத்தில் புதிதாகக் கட்டினோம். கொத்தனார் ஒருவர், அத்தையின் மகன், நான் மூவருமாக இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. முதலில் சுற்றிலும் ஒன்றரை அடி ஆழம் வாய்க்கால் எடுத்தோம். கோழிவலையைத் தொடவில்லை. கோழிவலை கோழியை உள்ளே வைக்கப் பிறந்தது. பகையை வெளியே வைக்கப் பிறந்ததன்று. அதன் கம்பி மெலிது, நாய் பிய்த்துவிடும். கண் ஓரங்குலம், எலி நுழைந்துவிடும். அதற்குப் பதில் கடைகளில் ‘வெல்டு மெஷ்’ என்று கேட்டால் கிடைக்கும் நாகம் பூசிய அரை அங்குலக் கண் வலை வாங்கினோம். சுண்டெலியும் புகக்கூடாது என்றால் கால் அங்குலக் கண் கிடைத்தால் நல்லது.

அவ்வலையைச் சுவரோடு நேரே இறக்கி, வாய்க்காலின் அடியில் வெளிப்பக்கமாக ஓரடி மடக்கிவிட்டோம். குறுக்குவெட்டாகப் பார்த்தால் ‘ட’ என்ற எழுத்துப்போல் இருக்கும். இம்மடிப்பின் சூட்சுமம் பலருக்குத் தெரிவதில்லை. தோண்டும் விலங்கு எதுவானாலும் சுவரின் காலடியில்தான் தோண்டத் தொடங்கும். தோண்டியதும் வலை தட்டுப்படும். சுவரைவிட்டு ஓரடி பின்வாங்கித் தோண்டினால் மடிப்பைத் தாண்டலாம் என்ற யோசனை அதற்கு வருவதில்லை. பக்கத்தில் பக்கத்தில் முயன்று பார்த்துவிட்டுப் போய்விடும்.

தரைக்கு மேலே ஒன்றரை அடிக்குச் செங்கல் சுவர், உட்புறம் பூச்சு. முழுதும் வலையாகவே வைத்திருக்கலாமே என்றால், வெளியே தெரிகிற வழியை நோக்கி ஆமை ஓயாமல் முட்டிக்கொண்டிருக்கும். மூக்கும் முன்காலும் புண்ணாகும். கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு அது போக விரும்புவதில்லை. சுவருக்கு மேல் மரச்சட்டத்தில் வலை பொருத்திய கூரை. திறந்து மூட இரு பாகமாகச் செய்து ஒவ்வொன்றுக்கும் கொண்டி. மலையிலிருந்து இறங்கும் குரங்குகள் எங்கள் ஊரில் சாதாரணக் கொண்டியைத் திறந்து சமையலறைக்குள்ளேயே வந்துவிடும் என்பதால், கொண்டியில் ஒரு வளையக் கொக்கியும் மாட்டினோம். தண்ணீர் வடியும் குழாயின் வாயிலும் வலைத்துண்டு வைத்துக் கட்டினோம். கோட்டையைக் கட்டிவிட்டுச் சாக்கடை வழியைத் திறந்துவைக்கும் வேலை சரித்திரத்தில் பலர் செய்தது.

ஒரு மூலையில் இரவு அறை. மரப்பெட்டி வைத்தால் கொறித்துவிடும். செங்கல்லில் கட்டி, தரையில் வலை விரித்து அதன்மேல் அரையடி மண் போட்டோம். மேலே வலை, அதற்கு மேல் நாட்டு ஓடு. தகரம் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். சித்திரை வெயிலில் தகரத்தின் கீழ் அடைத்த ஆமை பெருச்சாளிக்குத் தப்பி வெப்பத்துக்குப் பலியாகும். பாதுகாப்பு என்ற பெயரில் காற்றையும் நிழலையும் அடைத்துவிடுவதும் ஒரு பகையே. பட்டியில் மூன்றில் ஒரு பங்குக்காவது எந்நேரமும் நிழல் வேண்டும். அதற்குத் தென்னங்கிடுகு போட்டோம். கிடுகில் எலி கூடு கட்டாதபடி மாதம் ஒருமுறை எடுத்து உதறவேண்டும்.

எறும்பைப் பற்றியும் ஒரு சொல். முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த குஞ்சைச் சிவப்பெறும்பு மொய்த்தால் கண்ணும் தொப்புள் வடுவும் போய்விடும். அப்படிப்பட்ட இளங்குஞ்சைச் சில வாரம் தொட்டியில் வைத்து, தொட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவதே வழி. நம் வீட்டு உணவு அலமாரிக்குப் பாட்டிமார் செய்துவந்த உபாயம்தான்.

நஞ்சு வைக்கலாமா?

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, தெருவின் மூத்தவரான ஒரு தாத்தா திண்ணையிலிருந்து சொன்னார்: “எதுக்குடே இம்புட்டுப் பாடு? எலி மருந்து ரெண்டு பாக்கெட் வச்சா தீந்துது. கீரிக்குக் கண்ணி போடு.” கேட்க எளிதாக இருந்தது. அத்தைக்கும் மனம் சற்றே சாய்ந்தது. நான் மறுத்தேன், அதற்குக் காரணமும் சொன்னேன்.

பின்சோன் தீவில் நஞ்சு தூவுமுன் அங்கிருந்த பருந்துகளைப் பிடித்துப் பத்திரமாகக் கூண்டில் வைத்திருந்தார்கள். வேலை முடிந்தபின் விடுவித்தார்கள். அப்படியிருந்தும், நஞ்சுண்ட பல்லிகளின் உடலில் அது நெடுநாள் தங்கியிருந்ததால், அவற்றைத் தின்ற பருந்துகள் சில மாண்டன. மக்கள் குடியிராத தீவில், அறிஞர்கள் பார்த்துப் பார்த்துச் செய்த வேலையிலேயே இந்நிலை. நம் தெருவிலோ நாயுண்டு, பூனையுண்டு, கோழியுண்டு, குழந்தையுண்டு. நஞ்சுண்ட பெருச்சாளி தள்ளாடித் திரியும்போது அதைப் பிடிப்பது கூகை. கூகை ஒரு குடும்பமாக ஓராண்டில் தின்னும் எலிகள் ஏராளம். வயலில் அது வந்து அமரக் கம்பு நட்டுவைக்கச் சொல்லி வேளாண்மைத் துறையே விவசாயிகளுக்கு எடுத்துரைக்கிறது. போதாக்குறைக்கு ஆமையே அந்த மருந்து வில்லையைத் தின்றுவிடலாம். நிறமான எதையும் கடித்துப் பார்க்கும் குணம் அதற்கு உண்டு.

கீரியின் கதையும் அதுவே. கீரியும் உடும்பும் சட்டத்தின் காவலில் உள்ளவை. கண்ணி போட்டால் ஆமைக்காகச் சிறைக்குப் போக நேரிடும். அதற்கு மேலே, பெருச்சாளிக் குஞ்சுகளைத் தோண்டித் தின்பது அதே கீரிதான். பட்டிக்குள் வராதவரை அது நம் கட்சி. தாத்தா இதைக் கேட்டுவிட்டு, “அப்போ பெருச்சாளிய என்னதான் செய்யச் சொல்லுத?” என்றார். நியாயமான கேள்வி. அதற்கு என் விடை பூசணித் தோல்.

பெருச்சாளி ஆமைக்காக வரவில்லை. ஆமைக்கு வைத்து மிஞ்சிய தீனிக்காகவே வந்தது. தோலைத் தின்றது, தீர்ந்தது, பக்கத்தில் அசையாமல் கிடந்த இறைச்சியைக் கடித்துப் பார்த்தது. கோடைமேலழகியான் கால்வாய்ப் பாசன வயல்களில் அறுவடை முடிந்ததும், ஐப்பசி கார்த்திகை மழையில் வளைகளில் தண்ணீர் புகுந்ததும், பெருச்சாளிகள் ஊருக்குள் குடிபெயர்வது ஆண்டுதோறும் நடப்பது. அந்நாளில் முற்றத்தில் தீனி கிடந்தால் அழைப்பிதழ் வைத்ததுபோல். எனவே அருகம்புல், செம்பருத்தி இலை, முருங்கைக்கீரை, சப்பாத்திக்கள்ளி ஆகியவற்றைக் காலையில் மட்டும் வைத்து, நான்கு மணிக்குமுன் மிச்சத்தை அள்ளி எடுத்துவிடச் சொன்னேன். சாக்கடை மதிலின் கீழிருந்த வளையில் உடைந்த கண்ணாடித் துண்டும் சிமெண்டும் கலந்து அடைத்தோம். கொய்யாப் பழங்களை விழுந்தவுடன் பொறுக்கிவிடுகிறார்கள். பட்டிமேல் தாழ்ந்திருந்த கிளையையும் வெட்டியாயிற்று.

பட்டி முடிந்தபின் மறுபடியும் சாம்பல் பரப்பினேன். முதல் மூன்று இரவு பெருச்சாளி வந்தது; நான்கு மூலையிலும் அரைச்சாண் ஆழம் பறித்திருந்தது. நான்காம் இரவு ஒரு மூலை மட்டும். அதன்பின் தடம் சாக்கடையோடு போய்விட்டது. கீரி இப்போதும் வருகிறது. சுவரைச் சுற்றிவிட்டு வைக்கோற்போரைத் தேடிப் போகிறது.

காயம்பட்ட குஞ்சைப் பற்றிக் கேட்பீர்கள். உப்புக் கரைத்து ஆறவைத்த வெந்நீரால் புண்ணைக் கழுவி, அன்றே திருநெல்வேலி இராமையன்பட்டியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றோம். நீர்த்த அயோடின் மருந்து போட்டார்கள். புண் ஆறும்வரை மண்ணில் விடாமல், ஈ மொய்க்காதபடி, தாள் விரித்த தொட்டியில் வைத்திருக்கச் சொன்னார்கள். ஈ முட்டையிட்டுப் புழுப் பிடித்தால் கடியைவிட அதுவே பெரிய கேடு. ஒரு நகம் திரும்ப முளைக்கவில்லை. மற்றபடி நடக்கிறது, தின்கிறது. ஓட்டின் விளிம்பில் இழைத்த கோடுகள் மட்டும் இன்னும் தெரிகின்றன. பட்டியைச் சுத்தம் செய்பவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்பதையும் அங்கே வற்புறுத்தினார்கள். ஆமையின் கழிவில் சால்மொனெல்லா கிருமியும், பெருச்சாளியின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கக்கூடும்.

வளர்க்க முடியாமல் போனால் ஆற்றில் விட்டுவிடலாமே என்று எண்ணுவோரும் உண்டு. சல்கேட்டா நீந்தத் தெரியாத தரை ஆமை. ஆற்றில் விட்டால் மூழ்கிச் சாகும். கடைகளில் பச்சைக் குஞ்சாக விற்கும் செங்காது ஆமையோ நன்றாக நீந்தும்; அது நம் பால் ஆமையின் இடத்தையும் இரையையும் பறித்துக்கொள்ளும். உலகின் மிக மோசமான நூறு ஊடுருவி இனங்களில் ஒன்றாக அது குறிக்கப்பட்டிருக்கிறது. தாமிரபரணியில் அதை விடுவது புண்ணியமன்று.

வரும் ஐப்பசிக்கு முன் அத்தை வீட்டில் செய்யவேண்டியதாக நான் எழுதிக்கொடுத்திருப்பது இவ்வளவே: வலையின் மண்ணடிப் பகுதியை ஓரிடத்தில் தோண்டித் துரு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது, கூரைச் சட்டம் மழையில் உப்பிக் கொண்டி விலகியிருந்தால் இழைத்து விடுவது, வடிகுழாய் வலையில் சேர்ந்த சருகை எடுப்பது. குஞ்சுகள் இப்போது ஒரு சாண் வளர்ந்துவிட்டன. இன்னும் இரண்டாண்டில் இந்தப் பட்டி போதாது. வேறிடம் பார்க்க வேண்டும் என்று அத்தையின் மகன் சொல்லிக்கொண்டிருக்கிறார்.